பால் வற்ற மல்லிகை

அக்காவுக்குப் பால் வரவழைத்தது நான்தான் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முழுப் பொய்யும் இல்லை. பிள்ளை பிறந்து நாலைந்து நாளாகியும் அக்காவின் மார்பில் ஒன்றும் ஊறவில்லை. பையன் சப்பிச் சப்பிப் பார்ப்பான். பிறகு, ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டவன்போல முகம் சிவக்கக் கத்துவான். தோட்டத்துக் கடையில் தகரப் பால் வாங்கி, வெந்நீரில் கலக்கிச் சங்கில் புகட்டினோம். குடித்ததும் வயிற்றால் போயிற்று. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளை அழுதால் அவளும் சேர்ந்து அழுதாள்.

நான் அப்போதுதான் ஜொகூர் பாருவில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். எங்களுடையது அம்மா இல்லாத வீடு. எனக்குத் தலைவாரிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். அவள் படிப்பு பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றுவிட்டது. லாயாங் லாயாங் என்ற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு, அக்காவுக்குப் புல்வெட்டு. விடுமுறை என்றால் நான் ரயிலேறிவிடுவேன். "பிரசவத்துக்குத் துணையா இரு" என்று அப்பா இந்த முறை தாமே அனுப்பிவைத்தபோது எனக்கு இரட்டைச் சந்தோஷம். ஒன்று அக்கா, இன்னொன்று செடிகள்.

அந்த வருஷம் எனக்குச் செடிப் பைத்தியம் பிடித்திருந்தது. யாரைக் கண்டாலும் "இது என்ன இலை, எதுக்கு ஆகும், மலாய்க்காரங்க இதை என்னன்னு சொல்லுவாங்க?" என்று நச்சரிப்பேன். கீழாநெல்லியைக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், டுக்கோங் அனாக் என்கிறார்கள், பிள்ளையைச் சுமப்பது என்று அர்த்தம், இலைக்கு அடியில் காய்கள் தொற்றிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அதனால். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு குதூகலம். வயிற்றுப்போக்குக்குக் கொய்யாக் கொழுந்து என்பது எல்லாருக்கும் தெரியும். காலில் ஏறும் அட்டைக்குப் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்துத் தடவுவது புல்வெட்டுப் பெண்களின் வழக்கம். தலைக்குப் பூ கிடைக்காத தோட்டத்தில் மணக்கும் பாண்டான் இலையைக் கீற்றாகக் கிழித்துக் கொண்டையில் செருகிக்கொள்வார்கள். இதையெல்லாம் சேர்த்துச் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. பெண்கள் எனக்கு இலைக்காரி என்று பெயர் வைத்தார்கள். அதிலும் எனக்குப் பெருமைதான்.

அக்காவுக்குப் பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டு அத்தை. உறவில்லை, லயத்தில் எல்லாருக்கும் அத்தை. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அவள் கையில்தான் முதலில் விழும்.

"அம்மான் பச்சரிசிச் செடிய அரைச்சுக் குடுத்தா ஊறும்" என்றாள் அத்தை. "ஆனா இங்க ஏது? தொர ஒரு புல்லு விடாம வழிச்செடுக்கச் சொல்றாரு. வழிக்கிறவளே உங்கக்காதான்."

அவ்வளவுதான், பறந்தேன். தோட்டத்துக்குள் இல்லையென்றால் என்ன, தண்டவாளத்து ஓரம் இருக்கிறதே! சரளைக்கல் இடுக்குகளில், தரையோடு படர்ந்து, கிள்ளினால் வெள்ளையாகக் கசியும் அந்தப் பூண்டை மடி நிறையப் பறித்துவந்தேன். கம்பத்தில் அதற்கு கெலாங் சூசூ என்று பெயர். சூசூ என்றால் பால். இரண்டு பாஷைக்காரர்களும் ஒரே செடியைப் பார்த்து ஒரே விஷயத்தை நினைத்திருக்கிறார்கள் என்று நான் பேசிக்கொண்டே அரைக்க, அத்தை, "வாயால அரைக்காத, கையால அரை" என்றாள். நெல்லிக்காய் அளவு உருட்டி, கஞ்சியில் கரைத்துக் கொடுத்தோம். கூடவே முருங்கைக்கீரை, கருவாடு போட்ட பப்பாளிக்காய்க் குழம்பு. ஒரு விடியற்காலை அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏண்டி, எந்திரி. இங்க பாரு, நனைஞ்சிருக்குடி."

அவள் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பையன் குடித்தான். தொண்டையில் மடக் மடக்கென்று சத்தம் கேட்கக் குடித்தான். அத்தான் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நேரமானதுகூடத் தெரியவில்லை.

அன்று முதல் தண்ணீர்க் குழாயடியில் என்னை விடமாட்டார்கள்.

"டாக்டரம்மா, எனக்கு முழங்கால் குடையுது, ஒரு இலை சொல்லுங்களேன்."

"எங்க வீட்டுக்காரரு வாயை அடைக்க ஏதாச்சும் இலை இருக்கா?"

"இருக்கு அக்கா, லாலாங் புல்லு. கத்தையா வச்சு அடைங்க" என்பேன். ஈரத் துணியால் ஒரு அடி விழும்.

அக்கா வேலைக்குத் திரும்பினாள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். பத்து மணி இடைவேளையில், மண்வெட்டியைப் போட்டுவிட்டு, ஏறக்குறைய ஓட்டமாக வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். தூரத்தில் அவள் வருவது தெரியுமுன்பே பையன் தொட்டிலில் காலை உதைப்பான் என்று ஆயா சொல்லுவாள்.

மூன்றாம் மாதம் முடிகிற சமயம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் டிரெசர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். கோயில் வேம்பில் எட்டும் உயரத்தில் ஒருநாளும் இலை இருக்காது. அத்தான் உச்சிக்கு ஏறி ஒடித்துவந்து வாசலில் கட்டினார். நான் எனக்குத் தெரிந்த இலையெல்லாம் அரைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரிக்குச் சொல்லியனுப்பினோம். லாரி வந்தபோது அவசியமில்லாமல் போய்விட்டது.

குழிமேட்டுக்கு எங்கள் வழக்கப்படி பெண்கள் போவதில்லை. வாசலிலேயே, அத்தானின் கையில் துணி சுற்றியிருந்த பிள்ளைக்கு, அக்காவின் பாலைச் சங்கில் பீய்ச்சி உதட்டில் விட்டார்கள். அது கன்னத்தில் வழிந்தது. அக்கா முந்தானையால் துடைத்துவிட்டாள், எப்போதும் துடைப்பதுபோல. அழவில்லை.

அழவேயில்லை. சில நாளில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். எல்லாரும் நல்லதுக்குத்தான் என்றார்கள். ஒருநாள் அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். பத்து மணி இடைவேளை. பெண்கள் மரநிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் காணோம்.

"அங்க போயிருக்கா" என்று ஒருத்தி தாடையால் காட்டினாள். "தெனமும் போறா. நாங்க என்னத்த சொல்றது?"

அவர்கள் புல்வெட்டிய மர நிரைக்குக் கீழே, ஓடைக்கரையில்தான் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் இடம். அக்கா அங்கே மண்டியிட்டு, ரவிக்கையை அவிழ்த்து, பாலை மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். மண் அதைக் குடித்தது. குடித்த இடம் கறுத்தது. அவள் இன்னொரு மார்புக்கு மாறினாள், பிள்ளையைப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்ளும் அதே அசைவோடு. நான் தேத்தண்ணீர்த் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அத்தைக்குத் தெரிந்ததும் ஓடிவந்தாள். "பீய்ச்சப் பீய்ச்ச ஊறத்தாண்டி செய்யும். பிள்ளை குடிக்குதுன்னுதான் உடம்பு நெனச்சுக்கும். நீ நிறுத்தணும்."

அக்கா கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு பக்க மார்பு கல்லாக இறுகியது. தொட்டால் கொதித்தது, சிவந்து மினுமினுத்தது. மாலையானால் குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. அத்தை பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"மல்லிப்பூ கட்டணும். கட்டினா ரெண்டு மூணு நாள்ல பால் வத்திரும். இல்லாட்டி சீழ் பிடிச்சிரும்."

"வேணாம்" என்றாள் அக்கா.

"எதுக்கு வேணாங்கிற?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"சீழ் வச்சா டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி கத்தி வெப்பாங்கடி. அந்தக் கோடி வீட்டுக்காரி அப்படிப் போனவ திரும்பி வரல, தெரியுமில்ல?"

"தெரியும். வெக்கட்டும்."

அத்தான் அவள் தலைமாட்டில் குந்தினார். "சொல்றதக் கேளு. நீயாவது..." என்றார். எழுந்து வெளியே போய், தீட்டியிருந்த பால்வெட்டு உளியையே மறுபடி கல்லில் தீட்ட ஆரம்பித்தார்.

அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவன் அழுது அழுது வந்த பாலுடி இது. அவன் போயிட்டான். இதையும் போகச் சொன்னா எப்படி?"

என்னால் அவளை விட்டுக்கொடுக்க முடியாது. அவள் பேச்சும் எனக்கு விளங்கியது, அத்தை பேச்சும் விளங்கியது. அவள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் பூவைக் கொண்டுவந்துவிடுவது என்று புறப்பட்டேன்.

ஆனால் மல்லிகைக்கு எங்கே போவது? லயத்தைச் சுற்றி ஒரு புதர் இருக்கக் கூடாது. கொசு வரும் என்று டிரெசரின் கட்டளை. யாரோ ஒருமுறை நட்ட கொடியையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள். கோயிலில் செம்பருத்தியும் அரளியும்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பத்தில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் மெலோர் செடி நிற்கிறது என்று மாட்டுக்காரர் சொன்னார். மெலோர் என்பது நம் குண்டுமல்லிதான். மத்தியான வெயிலில் மரப்பாலத்தைத் தாண்டி ஓடினேன்.

அந்த வீட்டம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். "மாக்சிக்" என்று மலாய் முறை சொல்லிக் கூப்பிட்டு, மெலோர் வேண்டும், நிறைய வேண்டும் என்றேன். என் மலாய் செடிகளின் பெயரோடு சரி, மற்றதெல்லாம் அரைகுறை.

"நிறைய எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "நானே எண்ணெய்க்குக் காணலையேன்னு இருக்கேன்." கம்பத்துப் பெண்கள் அந்த மொட்டுகளைத் தேங்காயெண்ணெயில் போட்டுவைத்துத் தலைக்குத் தடவுவார்கள்.

அக்காவுக்கு என்றேன். அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. என் மார்பில் கையை வைத்துக் காட்டினேன்.

முறம் நின்றது. "மாத்தி?" என்றாள். செத்துப்போச்சா?

தலையை ஆட்டினேன்.

"லாக்கி?" ஆணா?

"லாக்கி."

முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கிணற்றடிச் செடி அவள் இடுப்புயரம் இருந்தது. விரிந்த பூவை விட்டு, சாயங்காலம் விரிய இருந்த மொட்டுகளாகக் கிள்ளிக் கிள்ளிச் சேம்பிலையில் போட்டாள். நான் போதும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு மொட்டு மிஞ்சாமல் பறித்தாள். பிறகு இலையிலும் கொஞ்சம் உருவி, கசக்கிப் பற்றுப் போடவேண்டும் என்று சைகையில் காட்டினாள். எங்களுக்குப் பூ, அவர்களுக்கு இலையும் பூவும். வேறு சமயமாக இருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து நூறு கேள்வி கேட்டிருப்பேன்.

பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, தன் மார்பைத் தொட்டு, இரண்டு விரலைக் காட்டினாள். "சாயா, டுவா காலி." எனக்கு, ரெண்டு தரம்.

சொல்லிவிட்டு உடனே, முறத்தில் ஏறிய கோழியைப் பார்த்துக் கன்னாபின்னாவென்று திட்டத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் தோட்டத்துக் கடை. வேலை முடிந்த இளவட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சேம்பிலைக்குள்ளிருந்து வாசனை எனக்கு முன்னே ஓடிற்று.

"அலமாக்! இலைக்காரி இன்னிக்குப் பூக்காரியாயிட்டாங்களே!"

"யாருக்குப் பரிசம் தங்கச்சி? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?"

"மாப்பிள்ளை யாரு, ஆபீஸ் கிராணி மவனா?"

சிரிப்பு. என்னால் நடக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைக்குள் சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வெளியே வந்து, கேட்டவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். "வாய மூடு. எந்த வீட்டுக்குப் போகுதுன்னு பாத்துப் பேசு." பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. அந்தப் பையன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான், பிணம் போகும்போது செய்வதுபோல.

வீட்டில் அக்கா சுவரோரம் கண்ணை மூடிக் கிடந்தாள். அத்தை பாயில் மொட்டுகளைக் கொட்டினாள். வாசனைக்கு இரண்டு மூன்று பெண்கள் வந்து நிலைப்படியில் நின்றார்கள். "ஊர்லருந்து கப்பலேறின பொறகு இவ்வளவு மொட்ட ஒண்ணாப் பாக்கல" என்றாள் ஒருத்தி, மெதுவாக. அத்தை வாழைநாரை நனைத்துக் கட்டத் தொடங்கினாள். அவள் விரல்கள் போன வேகம்! பிரசவம் பார்க்கும் கை, கருவாடு கழுவும் கை. பூவைக் கண்டதும் அவை வேறு கைகளாகிவிட்டன. நெருக்கமாக, ஒரு மொட்டுக்கு இன்னொரு மொட்டு முதுகு காட்ட, சரம் நீண்டது. ஒரு நிமிஷம் அது சாவு வீடு என்பதே அங்கு இருந்த எங்களுக்கு மறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரம் முடிந்தது. அத்தை நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். முதல் முழத்தைக் கிள்ளினாள். அப்படியே எட்டி, அக்காவின் தலையைத் திருப்பி, கொண்டையில் வைத்துவிட்டாள்.

எந்த வீட்டில் பூக் கட்டினாலும் முதல் முழம் அந்த வீட்டுக்காரியின் தலைக்கு. ஆயுசு முழுக்கச் செய்தது. கை அதன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

நிலைப்படியில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை கையை எடுக்கவும் தெரியாமல், தலைக்கு மேல் தூக்கியபடி இருந்தாள். "ஐயோ, பாவி... நான் என்ன செஞ்சுட்டேன். கைப்பழக்கம்டி தாயி, கைப்பழக்கம். எடுத்துடறேன்..."

அக்கா தடுத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய், கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். சரத்தை அவளே எடுத்து முகத்துக்கு எதிரே பிடித்தாள்.

"வளைகாப்புக்குக் கேட்டேன்" என்றாள். "அப்பக் கிடைக்கல."

எனக்கு நினைவிருந்தது. பாண்டான் கீற்றைத்தான் செருகிவிட்டோம். நானே கிழித்துக் கொடுத்தேன். கிணற்றடியில் அந்தச் செடி அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கும்.

அக்காவின் முகம் கோணியது. முதலில் இருமல்போல ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கேட்டதை எழுத எனக்குத் தைரியமில்லை. அடுத்த லயத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அத்தான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பாயில் கிடந்த மொட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஓய்ந்தபிறகு அவளே ரவிக்கை முடிச்சை அவிழ்த்தாள்.

"அவனாலதான் கிடைச்சுது" என்றாள். "கட்டுங்க அத்தை."

சரத்தைச் சுருட்டி இரண்டு பக்கமும் வைத்து, வெள்ளைத் துணியால் இறுகச் சுற்றினோம். மறுநாள் நான் மறுபடியும் பாலம் தாண்டிப் போனேன். அந்த வீட்டம்மாள் நான் கேட்பதற்குமுன் பொட்டலத்தோடு படிக்கட்டில் காத்திருந்தாள். பக்கத்து வீடுகளிலும் பறித்துச் சேர்த்திருந்தாள். இரவில் விரிந்த பூக்கள் அக்காவின் சூட்டில் வதங்கின. வீடு முழுக்க, கல்யாண வீட்டு வாசனை. கஞ்சிப் பானையில்கூட அந்த வாசனை ஏறியது. அத்தானால் சாப்பிட முடியவில்லை.

காய்ச்சல் இறங்கியது. கல் இளகியது. ஒரு காலை அத்தை துணியை அவிழ்த்தாள். பூக்கள் பழுப்பாகி, தோலோடு ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக உரித்தெடுத்துவிட்டு, இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"வத்திருச்சு" என்றாள் அத்தை. "மாரியாத்தா காப்பாத்திட்டா. இனி பயமில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அத்தான் நீளமாக மூச்சு விட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா எனக்கு மிஞ்சிவிட்டாள். அதை மறைக்கத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தேன்.

அக்கா தானே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். மறுபடி முதல் பக்கம். அத்தை அவள் கையைப் பிடித்தாள். அக்கா நிமிர்ந்து அத்தையைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"இனிமே அவன் அழுதா, என்னடி குடுப்பேன்?"

அத்தான் எழுந்து வெளியே போனார். அக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.